கறவை மாடும் ஊசி மருந்தும்

ஊசி போட்டால் கறவைக்குப் பால் பெருகும் என்று கிராமங்களிற் பலர் நம்புகின்றனர். கறக்கும் வேளைதோறும் ஆக்ஸிடோஸின் என்னும் மருந்தைச் செலுத்துவோரும் உளர். இந்நம்பிக்கை பிழையானது என்பதை எலிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகள் விளக்குகின்றன. எலிக்கும் மாட்டிற்கும் யாது சம்பந்தம் என்று சிலர் நகைக்கக்கூடும். பாலூட்டும் பிராணிகளில் மடியை ஆளும் முறை பெரும்பாலும் ஒன்றேயாகும்.

1958-ம் வருஷத்தில் கலிபோர்னியாவில் லயன்ஸ் முதலிய அறிஞர்கள், பெண் எலிகளின் சூற்பை, பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி ஆகியவற்றை அகற்றிய பின், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், புரோலாக்டின் முதலிய ஹார்மோன்களை முறைப்படி செலுத்தினர். பால்சுரப்பிகள் மீண்டும் வளர்ந்து பால் சுரந்தன. ஆகவே, பாலை உண்டாக்குவது பல ஹார்மோன்களின் கூட்டு வேலையாகும்.

1996-ம் வருஷத்தில் ஆக்ஸிடோஸின் சிறிதும் உண்டாகாத சுண்டெலிகள் ஆராயப்பட்டன. அவை செவ்வையாக ஈன்றன. சுரப்பியிற் பாலும் இருந்தது. ஆயினும் பால் இறங்காமையால் குட்டிகள் மாண்டன. தாய்க்கு அம்மருந்தைச் செலுத்தியதும் பால் இறங்கிற்று. இதனால் விளங்குவது யாதெனில், இம்மருந்து உள்ள பாலை வெளியே தள்ளுமேயன்றி, பாலை ஆக்குவதன்று.

மடியில் எஞ்சும் பாலும் வடிவதால், முதலிற் சிறிது அதிகம் காணப்படலாம். ஆனால் நாள்தோறும் ஊசிக்குப் பழகிய மாடு, ஊசியின்றித் தானே பால் விடும் தன்மையை இழக்கத் தொடங்கும். பின்னர் ஊசிக்காரனுக்கே குடியானவர் அடிமையாவார். ஈற்றுத் துன்பத்தில் கால்நடை மருத்துவர் கையாளவேண்டிய நல்ல மருந்தைத் தொழுவத்திற் பாழாக்குதல் தகாது.

கன்றை ஊட்டவிட்டு, மடியைக் கழுவித் தடவினாலே மாட்டின் உடலில் ஆக்ஸிடோஸின் தானே ஊறும். அதன் வேகம் சில நிமிஷங்களே நிற்பதால் விரைந்து கறக்க வேண்டும். அடியும் அதட்டலும் மிரட்சியை உண்டாக்கிப் பாலை அடக்கும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்ற பழமொழி அனுபவத்திற் பிறந்ததே.

கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டும். பால் பெருக்கும் பொருட்டுக் கறவையின் உடல்நலத்திற்குத் தீங்கான ஊசி போடுவோர்க்கு, 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ம் பிரிவின்படி 1,000 ரூபாய் வரை அபராதமோ, 2 வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாடும் பறிமுதலாகும்.

பால் வேண்டுவோர் பசுந்தீவனமும் புண்ணாக்கும் போதிய நீரும் அளித்து, நல்ல இனத்தைப் பேணுவார்களாக. ஊசிக்குச் செலவிடும் பணம் தீவனத் தொட்டியில் விழுமாயின், மாடும் பிழைக்கும், குடியும் செழிக்கும்.