குரங்குப் பெடலுக்கு இங்கிலீஷ்ல என்ன?

ஃப்ளைட் ஏறி மேல்படிப்புக்குப் போகப் போற மக்களே, ஐ.இ.எல்.டி.எஸ். புக்கை ஒரு நிமிஷம் மூடி வச்சுட்டு இதுக்குப் பதில் சொல்லுங்க. ‘டூ யூ ரைட் எ பைசைக்கிள்?’

‘ப்பூ, இவ்வளவுதானா?’ன்னு சிரிக்காதீங்க. ஸ்பீக்கிங் டெஸ்ட் மொத்தமே 11 முதல் 14 நிமிஷம்தான். அதோட முதல் பகுதியில வீடு, ஊர், சாப்பாடு, சைக்கிள்னு இந்த மாதிரி கேள்விகள்தான் வரும். கேள்வி ஈஸிதான். பதில்லதான் நம்மாளுங்க கோட்டை விடுறாங்க.

எங்க ஹாஸ்டல்ல ஒரு ஜெராக்ஸ் கட்டு ரூம் ரூமா சுத்துது. சைக்கிள்னு கேட்டா, ‘சுற்றுச்சூழலுக்கு நல்லது, உடம்புக்கு நல்லது, பெட்ரோல் மிச்சம்’னு ரெடிமேட் பதில். பத்துப் பேரும் அதையே ஒப்பிச்சா, கேட்கிறவருக்குத் தெரியாதா பாஸ்? மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிக்கிறதுல எக்ஸாமினருங்க கில்லாடிங்க. அதோட, இங்கே மார்க் உங்க கருத்துக்கு இல்லை. தடங்கல் இல்லாம கோர்வையா பேசுறது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, இந்த நாலுக்கும் சம பங்கு. ‘எனக்கு சைக்கிளே பிடிக்காது’ன்னு சொன்னாலும் மார்க் குறையாது. மதுரை வாசனையோட பேசினாலும் சரி, புரிஞ்சா போதும்.

என் ரூம் மேட் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். பிளஸ் ஒன்ல அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள்லதான் தினமும் ஸ்கூலுக்குப் போனான். இப்போ அவனோட அப்பா எஜுகேஷன் லோனுக்காக பேங்க் படி ஏறி இறங்கிட்டு இருக்கார். போன வாரம் அவனுக்கு மாக் டெஸ்ட், நான்தான் எக்ஸாமினர். ‘சைக்கிள் ஓட்ட எப்படிக் கத்துக்கிட்டே?’ன்னு இங்கிலீஷ்ல கேட்டேன். அப்பாவோட பெரிய சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கிட்டவன் அவன். அதுக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியலைன்னு, டக்குனு ஜெராக்ஸ் பதிலுக்குத் தாவிட்டான்.

‘வார்த்தை இல்லைன்னா சுத்தி வளைச்சாவது சொல்லுடா’ன்னேன். யோசிச்சான். ‘மை ஃபாதர்ஸ் சைக்கிள் வாஸ் டூ டால் ஃபார் மீ. ஸோ ஐ புட் ஒன் லெக் த்ரூ தி ஃப்ரேம் அண்ட் பெடல்ட் ஸ்டாண்டிங் அப்.’

அட்றா சக்கை! இதுக்குப் பேர்தான் பாராஃப்ரேஸ். தெரியாத வார்த்தையை தெரிஞ்ச வார்த்தைகளால விளக்குறது. சொல்வள மார்க்குல இதுக்குன்னே ஒரு பங்கு இருக்கு. ஆக, வார்த்தை தெரியாத இடம்தான் மார்க் வாங்குற இடம்!

சில்லறை உஷார்கள்: ‘பைக்’னு கேட்டா உடனே பல்சர் கதையை ஆரம்பிச்சிடாதீங்க. அவங்க ஊர் இங்கிலீஷ்ல அது பெரும்பாலும் சைக்கிள்தான். சந்தேகமா இருந்தா, ‘டூ யூ மீன் எ பைசைக்கிள்?’னு தாராளமா கேளுங்க. ‘மை சைக்கிள் காட் பஞ்சர்’ வேண்டாம், ‘ஐ ஹேட் எ பஞ்சர்’. நம்ம ‘டபுள்ஸ்’ அங்கே டென்னிஸ். ‘மை ஃப்ரெண்ட் சாட் பிஹைண்ட் மீ’ன்னா புரியும்.

ரெண்டாவது பகுதியில ஒரு கார்டு கொடுப்பாங்க. குறிப்பெடுக்க 1 நிமிஷம், பேச 1 முதல் 2 நிமிஷம். உதாரணத்துக்கு, ‘கத்துக்கிட்ட ஒரு விஷயத்தைப் பற்றிச் சொல்லுங்க’ன்னு வந்தா, சைக்கிளை வச்சே நாலு குறிப்பு எழுதலாம். யாரோட சைக்கிள், எந்தத் தெரு, எங்கே விழுந்தீங்க, யார் தூக்கிவிட்டாங்க. ரெண்டு நிமிஷம் பத்தாது!

மூணாவது பகுதி, அலசல். ‘சைக்கிளால சமூகம் மாறுமா?’ங்கிற ரேஞ்சுல கேள்வி வரலாம். அதுக்கு ஆம்ஸ்டர்டாம் வரை ஏன் போகணும்? 1990-களோட தொடக்கத்துல, புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்தோட சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அதுக்குத் துணை நின்னாங்க. தண்ணிக் குடத்தையும் குழந்தையையும் ஏத்திக்கிட்டு, பஸ்ஸுக்கோ ஆம்பளைங்களுக்கோ காத்திருக்காம அவங்களே கிளம்பினாங்க. இதைவிட நல்ல உதாரணம் எந்த ஜெராக்ஸ்ல இருக்கு?

பதினஞ்சாயிரத்துக்கு மேல ஃபீஸ் கட்டி, முகம் தெரியாத யாரோ எழுதின பதிலை ஒப்பிக்கணுமா? உங்க முட்டியில இருக்கிற தழும்புக்கு ஒரு கதை இருக்கும். இன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில, பக்கத்து ரூம் ஃப்ரெண்டை உட்கார வச்சு அதை ரெண்டு நிமிஷம் இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க. தடுமாறும், பரவாயில்லை. சைக்கிளும் முதல் நாள் அப்படித்தானே இருந்தது?

ம்... ஸ்டாண்டை எடுங்க!