ஒரு பிள்ளை, ஒரு ஆசிரியர்: வீண் வேலையா?

வாசிக்கத் திணறும் ஒரே பிள்ளையோடு பயிற்சி ஆசிரியர் மாலைப்பொழுதைக் கழிப்பது வீண், மனநிறைவைத் தவிர அவருக்கு ஒன்றும் மிஞ்சாது என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது.

பள்ளி முடிந்தபின் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். அது போதாது, உயர்த்தக் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் கற்றுக்கொடுத்தவருக்கு அங்கே கற்க எதுவுமில்லை என்பது தவறு.

வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குப் பக்கத்திலேயே வளரும் பிள்ளையும் 'பூண்டு' என்று வாசிக்கத் தடுமாறலாம். உகரக் குறி எல்லா எழுத்திலும் ஒன்றுபோல் வருவதில்லை. கு, டு, து, பு ஒவ்வொன்றும் ஒரு விதம். 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும். 247 எழுத்துகள் என்பது பயிற்சி ஆசிரியருக்கு மனப்பாடம். பிள்ளையின் விரல் எந்த எழுத்தில் நிற்கிறது, எதை ஊகித்துத் தாண்டுகிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். வகுப்பே சேர்ந்து ஒப்பிக்கும்போது அந்தத் திணறல் காதில் விழவே விழாது.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளாகப் பிரிக்கிறது. ஒரு பிள்ளை அரும்பிலேயே ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் பழக்கம் இந்த மாலைகளில்தான் கைவரும். உத்தமபாளையம் ஆசிரியர் பயிற்சி நிறுவன மாணவர்களுக்கு இதையே பயிற்சியாக்குங்கள். பாடக்குறிப்பேட்டுக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள்.