பிரிவதென்றால் பிரியுங்கள், மானத்தில் கை வைக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்களில் ஒரு குடும்பப் பிரச்சினை காதி நீதிமன்றம் வரை போய்விட்டால், அடுத்த ஜும்ஆவுக்கு முன்னரே ஒரு கதை ஊரெல்லாம் சுற்றிவிடும். "அவளுக்கு வேறு தொடர்பாம்." சில நேரம் அந்தக் கதை ஆணைப் பற்றியும் வரும், ஆனால் பெரும்பாலும் பெண்ணைப் பற்றித்தான். யார் கண்டது என்று கேட்டால் பதில் இருக்காது. வழக்கு முடிந்தாலும் அந்தக் கதை முடிவதில்லை. அது பிள்ளைகளின் பின்னால் பள்ளிக்கூடம் வரை வருகிறது. அதனால்தான் ஆசிரியர்களான நாங்கள் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். சேர்ந்து வாழ முடியாத இருவர் பிரிவதற்கு, ஒருவரின் நடத்தையைக் கெடுத்துப் பேசத் தேவையில்லாத வழிகள் நம் மார்க்கத்திலும் இருக்கின்றன, நம் சட்டத்திலும் இருக்கின்றன. அவை இருக்கும்போது சேறு பூசுவது எதற்கு?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, தலாக் சொல்ல நினைக்கும் கணவர் காதிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். காதி இரு தரப்பு உறவினர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்து முப்பது நாட்கள் சமாதான முயற்சி செய்வார். அது சரிவராவிட்டால், காதிக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் தலாக் சொல்லப்படும். இந்த முறையில் மனைவி மீது எந்தக் குற்றத்தையும் கணவர் நிரூபிக்கத் தேவையில்லை. நன்றாகக் கவனியுங்கள். மனைவியின் நடத்தை சரியில்லை என்று சொன்னால்தான் தலாக் கிடைக்கும் என்ற நிலை சட்டத்தில் இல்லவே இல்லை.

மனைவியின் பக்கம் வேறு மாதிரி. கணவர் கொடுமை செய்கிறார், செலவுக்குத் தருவதில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று அவரது குற்றத்தைக் காட்டிக் கேட்பது பஸ்ஹ். இதைக் காதி மூன்று முஸ்லிம் ஜூரிமாருடன் இருந்து விசாரிப்பார். பெண் தன் குற்றச்சாட்டைச் சாட்சிகளோடு நிறுவ வேண்டும். காதியின் முன்னால் சட்டத்தரணி ஆஜராக முடியாது. காதியும் இன்றைய சட்டப்படி ஆணாகத்தான் இருக்க வேண்டும். அறை முழுக்க ஆண்கள் இருக்க, தன் படுக்கையறை விடயத்தை ஒரு பெண் தனியாக நின்று சொல்ல வேண்டிய நிலையை யோசித்துப் பாருங்கள்.

இங்கே சகோதரிகளுக்கு ஒரு விடயம். கணவருக்கு வேறு தொடர்பு இருப்பது தெரிய வந்ததும் பலர் அதையே வழக்கின் அடிப்படையாக ஆக்கப் பார்க்கிறார்கள். போனைத் தேடுகிறார்கள், மெசேஜ்களைப் படம் எடுக்கிறார்கள். அதை நிரூபிப்பது கடினம். அவரோ "நான் நிக்காஹ் செய்துகொண்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அப்படிப்பட்ட கணவர் பெரும்பாலும் வீட்டுச் செலவையும் நிறுத்தியிருப்பார், அடித்திருப்பார், அல்லது மாதக் கணக்கில் வீட்டுப் பக்கம் வராமல் இருந்திருப்பார். அவையே பஸ்ஹுக்குப் போதுமான காரணங்கள். பொலிஸ் முறைப்பாடு, வைத்தியசாலைத் துண்டு, அயலவரின் சாட்சி என்று கையில் பிடிக்கக்கூடியதை வைத்துப் பேசுங்கள்.

கணவரிடம் எந்தக் குற்றமும் இல்லாவிட்டாலும் பிரிய வழி இருக்கிறது. அதுதான் குலா. ஸாபித் இப்னு கைஸ் (ரழி) அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை சொல்லவில்லை. அவரோடு வாழ மனம் ஒப்பவில்லை என்பதைத்தான் சொன்னார். மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்தார். இருவரும் உடன்பட்டுப் பிரியும் முபாரஆ முறையும் உண்டு. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு சொற்களும் தெரியும்?

இந்த நாட்டின் பொதுச் சட்டத்தில் திருமணம் முடித்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சோரம், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், ஆண்மைக் குறைவு போன்ற காரணங்களில் ஒன்றைக் கேட்கிறது. ஒருவர் குற்றவாளியாக வேண்டும். கண்டியச் சட்டமோ 1952ஆம் ஆண்டிலேயே பரஸ்பர சம்மதத்தையும், ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்ததையும் காரணங்களாக ஏற்றுக்கொண்டது. குற்றம் சொல்லாமல் பிரியும் வழி நம்மிடமும் இருக்கிறது. நாம்தான் அதைப் பாவிக்காமல் விட்டுவிட்டோம்.

அப்படியென்றால் இந்தக் கதைகள் ஏன் கிளம்புகின்றன? பல நேரங்களில் காசுதான் காரணம். மஹர் பாக்கி, இத்தாக் காலச் செலவு, பெண் வீட்டார் கொடுத்த கைக்கூலி, பிள்ளைகளின் தாபரிப்பு எல்லாம் காதியின் முன்னால் வரக்கூடியவை. "ஒன்றும் கேட்காமல் போனால் பேசாமல் இருப்போம், கேட்டால் எல்லாவற்றையும் வெளியில் விடுவோம்" என்று சொன்னால் பெண்ணின் வாப்பா மானத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுவார். இதற்குப் பெயர் சமாதானம் அல்ல, மிரட்டல்.

மார்க்கம் இதை எவ்வளவு பாரதூரமாகப் பார்க்கிறது என்பதை ஸூரத்துன் நூரைத் திறந்து பாருங்கள். ஒழுக்கமான பெண் மீது பழி சொல்லிவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு எண்பது கசையடி, அதன் பிறகு அவரது சாட்சியமே ஏற்கப்படக் கூடாது என்று நான்காவது வசனம் சொல்கிறது. கணவன் தன் மனைவி மீது சொல்வதென்றால் லிஆன் என்ற கடுமையான சத்திய முறை அடுத்த வசனங்களில் வருகிறது. அப்படி லிஆன் செய்த ஒருவர் தான் கொடுத்த மஹரைத் திருப்பிக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்துவிட்டார்கள். நீர் உண்மை சொல்லியிருந்தாலும் அது அவளோடு வாழ்ந்ததற்கு உரியது, பொய் சொல்லியிருந்தால் அதைக் கேட்க உமக்கு இன்னும் அருகதை இல்லை என்பதே அந்தப் பதிலின் கருத்து. சத்தியம் செய்து பழி சொன்னவருக்கே மஹர் திரும்பவில்லை. வட்ஸ்அப் குரூப்பில் பழி சொல்பவருக்கு எப்படித் திரும்பும்?

உண்மையிலேயே தவறு நடந்த குடும்பங்களும் இருக்கின்றன. அதை நாங்கள் மறுக்கவில்லை. துரோகம் செய்யப்பட்டவரின் வலி சாதாரணமானதல்ல. ஆனால் அவருக்கும் பிரிவதற்கு வழி திறந்தே இருக்கிறது. ஊருக்கு அறிவிப்பதால் அந்த வலி குறையாது. பிள்ளைகளின் தாபரிப்பும் உம்மாவின் நடத்தையோடு சேர்ந்ததல்ல. அது வாப்பாவின் கடமை.

வகுப்பறையில் நாங்கள் பார்ப்பதைச் சொல்கிறோம். முன் வரிசையில் இருந்த பிள்ளை மெதுவாகப் பின் வரிசைக்குப் போகும். பெற்றோர் கூட்டம் என்றால் அன்று வராது. விளையாட்டில் சின்னச் சண்டை வந்தாலே மற்றப் பிள்ளை "உன் உம்மா..." என்று தொடங்கும். அந்தச் சொல்லை அந்தப் பிள்ளை தன் வீட்டில் சோறு சாப்பிடும்போது கேட்டிருக்கிறது. பெரியவர்களான நாம் சொல்லாமல் அது அதன் வாய்க்கு வந்திருக்காது.

எங்களது வேண்டுகோள்கள் இவைதான்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, சமரசத்துக்கு உட்காரும்போது நடத்தை பற்றிய பேச்சு வந்தால், "சாட்சி இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மஹரும் கைக்கூலியும் வேறு கணக்கு, அதை வேறாகப் பேசுங்கள். பெண் பேச வேண்டிய இடத்தில் உம்மாவையோ மாமியையோ ஒரு பெரியம்மாவையோ துணைக்கு உட்கார விடுங்கள்.

மௌலவிமாரே, நிக்காஹ் குத்பாவில் சொல்லும் நல்ல விடயங்களோடு குலா பற்றியும் ஒரு ஜும்ஆவில் பேசுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரே, பெண் வீட்டாரே, இருவருக்கும் பொதுவான பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் இன்று சொல்வதை அவர்கள் நாளை கேட்பார்கள்.

இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி 2009ஆம் ஆண்டில் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2018ஆம் ஆண்டில் கையளிக்கப்பட்டது. அது பற்றி நம்மிடையே பல கருத்துகள் உண்டு, அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் ஒரு பெண்ணின் பெயரைத் தெருவில் இழுக்காமல் இருப்பதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. நமக்கு வரும் வொய்ஸ் மெசேஜை அடுத்தவருக்கு அனுப்பாமல் விட்டாலே போதும்.

நல்ல முறையில் சேர்ந்து வாழுங்கள், முடியாவிட்டால் நல்ல முறையில் பிரியுங்கள் என்பதுதான் நமக்குக் கற்றுத் தரப்பட்டது. அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.