விமானம் ஏறினால் போனஸ் போச்சா?



வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள், காரை விற்கிறார்கள், வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுகிறார்கள். கார் ஓட்டி ஆண்டுக்கணக்கில் சேர்த்த ‘நோ க்ளெய்ம் போனஸ்’ பற்றி மட்டும் அவர்களிடம் யாரும் பேசுவதில்லை. பிரீமியம் கட்டத் தவறினால் நாளுக்கு மூன்று குறுஞ்செய்தி அனுப்பும் காப்பீட்டு நிறுவனங்களும் இதில் வாய் திறப்பதில்லை. இது கண்டிக்கத்தக்கது.

நம் நாட்டில் ஓராண்டு இழப்பீடு கோராமல் வண்டி ஓட்டினால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு இது பொருந்தாது. சொந்த வாகனச் சேதத்துக்கான பிரீமியத்துக்கு மட்டுமே. அந்தத் தொகை 12,000 ரூபாய் என்றால் பாதி, அதாவது 6,000 ரூபாய், மிச்சம். இந்தச் சலுகை வண்டிக்கு அல்ல, காப்பீடு எடுத்தவருக்கு உரியது. காரை விற்றாலும் நிறுவனத்திடம் இதற்கான சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று ஆண்டுக்குள் புதுக் காருக்குப் பயன்படுத்தலாம். விற்காமல் கார் ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போகிறவர் பாடுதான் மோசம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

சான்றிதழ் வாங்குவதும் லேசில்லை. காரை விற்றதற்கு ஆதாரம் கேட்பார்கள். உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று; வாங்கியவர் ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றாமல் இழுத்தடிக்கிறார். இங்கே விமான டிக்கெட் தேதி நெருங்குகிறது. ஊரை விட்டுப் போன பிறகு இதற்காக யார் அலைவது?

அப்படி வாங்கிய காகிதத்தில் ‘50 சதவீதம்’ என்று மட்டும் இருந்தால், உதாரணமாக லண்டனில் அது பாதிக் கதைதான் சொல்லும். அங்கே கேட்பது, எத்தனை ஆண்டு இழப்பீடு கோராமல் ஓட்டினீர்கள் என்று. பன்னிரண்டு ஆண்டு ஓட்டியவருக்கும் ஐந்தாண்டு ஓட்டியவருக்கும் இங்கே ஒரே 50தான். பிரிட்டனில் பல நிறுவனங்கள் இந்தியச் சான்றையே ஏற்பதில்லை. நம் ஓட்டுநர் உரிமத்தை வைத்துப் பன்னிரண்டு மாதம் ஓட்ட அந்நாட்டு அரசு அனுமதிக்கிறது. உரிமத்தை நம்புகிறவர்கள், அதே ஓட்டுநரின் விபத்தில்லாத வரலாற்றை ஏன் ஒதுக்க வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். கேட்ட 15 நாளில், கடைசி ஐந்தாண்டுக்கான இழப்பீட்டு விவரத்தை நிறுவனம் தந்தாக வேண்டும். வேறொரு உறுப்பு நாட்டில் வாங்கிய சான்று என்பதற்காகப் பாகுபாடு காட்டவும் கூடாது. பாகுபாடு கூடாது என்பது 2021இல் வந்த திருத்தம். 

நம்மிடமும் விதி இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் சேர்த்த போனஸை, அந்தப் பாலிசி முடிந்த மூன்றாண்டுக்குள் இங்கே காப்பீடு எடுப்பவருக்குத் தரலாம் என்று 2002ஆம் ஆண்டின் மோட்டார் கட்டண விதிகளில் 27ஆம் பொது விதி சொல்கிறது. திரும்பி வருகிறவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லும் கிளை அலுவலகங்கள் எத்தனை?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் செய்ய வேண்டியவை உண்டு. இழப்பீடு கோராத ஆண்டுகளை எண்ணிக்கையோடு குறிப்பிடும் ஒரே மாதிரியான சான்றை, கேட்ட 15 நாளில், கட்டணமின்றி, மின்னஞ்சலில் தர எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவிட வேண்டும். மத்திய அரசு 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அடுத்த சுற்றுப் பேச்சில் இந்தச் சான்றை ஏற்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்