ஆராய்ச்சியும் வாய்மையும்

ஆராய்ச்சி என்பது அறியாத ஒன்றை அறிய முயலுதல் என்பர். அது மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று. ஒருவர் தம் ஆய்வுக்கூடத்தில் கண்டதைப் பிறர் ஆராய்ந்து ஒப்பவோ மறுக்கவோ கூடியவாறு எழுதி அவர் முன் வைக்குங்காறும், அஃது அவருடைய எண்ணமாக நிற்குமேயன்றி உலகத்தின் அறிவாகாது. இலண்டன் இராயல் சொஸைட்டியின் செயலாளராயிருந்த ஹென்றி ஓல்டன்பர்க் என்பார் 1665ஆம் ஆண்டில் விஞ்ஞானத்திற்கென ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். அன்றுதொட்டு, கண்டதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புதல் ஆராய்ச்சியாளரின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

நம் கல்லூரியினின்றும் வெளிச்செல்லும் மாணாக்கருள் ஆண்டுதோறும் சிலர் வைத்தியத் துறையையும் உயிர்நூல் ஆராய்ச்சியையும் மேற்கொள்கின்றனர். அவர்கள் என்றேனும் ஒரு நாள் தம் கட்டுரையை ஒரு பத்திரிகைக்கு அனுப்ப நேரும். அன்று அவர்கள் அனுப்ப வேண்டுவது எது, மறைத்தல் தகாதது எது என்பது பற்றி, பெருங்குடற் புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாற்றினின்றும் இரண்டு நிகழ்ச்சிகளைச் சான்றாகக் கொண்டு சில கூற விரும்புகிறோம்.

பெருங்குடலிலும் மலக்குடலிலும் உண்டாகும் புற்றுநோய் 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 19 இலட்சத்திற்கு மேற்பட்டோரைப் புதிதாகப் பற்றியது. அவ்வாண்டில் அதனால் இறந்தோர் 9 இலட்சத்திற்கு மேற்பட்டவர். இந்நோய் பெரும்பாலும் திடீரெனத் தோன்றுவதன்று. குடலின் உட்சுவரிற் சிறு முளைகள் தோன்றும். அவை பல ஆண்டுகள் மெல்ல வளரும். அவற்றுட் சில மட்டும் புற்றாக மாறும். ஆதலின், முளையை முற்கூட்டிக் கண்டு அகற்றினால் நோயைத் தடுக்கலாம். முளையே தோன்றாமற் காக்கும் உணவோ மருந்தோ உண்டாயின் அதனினும் நன்று. இந்நம்பிக்கை பல ஆராய்ச்சிகளுக்கு வித்தாயிற்று.

ஐரிஷ் நாட்டினரான டெனிஸ் பர்க்கிட் என்னும் இரண வைத்தியர் ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டிற் பல்லாண்டு தொண்டு புரிந்தவர். மேனாடுகளில் மிகுதியாகக் காணப்படும் பெருங்குடற் புற்றுநோய் அந்நாட்டு மக்களிடையே அரிதாயிருத்தலை அவர் கண்டார். அம்மக்களின் உணவில் நார்ப்பொருள் மிகுதி. அதனால் கழிவு பருத்து விரைவில் வெளியேறுகின்றது. தீய பொருள்கள் குடற்சுவரைத் தீண்டும் காலம் குறைகின்றது. இதுவே காரணமாகலாம் என்று அவர் கருதி 1971ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கொள்கை எளியது, கேட்போர் உள்ளத்தைக் கவர்வது. நார்ப்பொருள் மிகுந்த உணவின் புகழ் மேனாடெங்கும் பரவிற்று.

ஆயின், கவர்ச்சியுள்ள கொள்கை மெய்யாகவே இருத்தல் வேண்டுமென்னும் நியதி இல்லை. அதனைச் சோதிக்க அமெரிக்க நாட்டில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடைபெற்றன. ஒன்றில், முன்பு முளை அகற்றப்பெற்ற 2,079 பேரை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவினர்க்குக் கொழுப்புக் குறைந்ததும், நார்ப்பொருளும் காய்கனிகளும் மிகுந்ததுமான உணவைப் பழக்கினர். மற்றைக் குழுவினர் தம் வழக்கப்படியே உண்டனர். ஏறக்குறைய 4 ஆண்டுகள் சென்றபின் குடலை உள்நோக்கிப் பார்த்தபோது, இறுதிவரை நின்ற 1,905 பேருள், உணவு மாற்றினோரில் நூற்றுக்கு 39.7 பேருக்கும், மாற்றாதோரில் நூற்றுக்கு 39.5 பேருக்கும் முளை மீண்டும் தோன்றியிருந்தது. அரிஸோனாவில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வில், கோதுமைத் தவிட்டு நார் நாடோறும் 13.5 கிராம் உண்டோரில் நூற்றுக்கு 47 பேருக்கும், 2 கிராம் மட்டும் உண்டோரில் நூற்றுக்கு 51.2 பேருக்கும் முளை கண்டது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே.

பல ஆண்டு உழைப்பும், பெரும் பொருட்செலவும், ஆயிரக்கணக்கானோரின் பொறுமையும் இவ்வாறு முடிந்தன. "காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்பது பழமொழி. தாம் பேணி வளர்த்த கொள்கைக்குத் தம் கையாலேயே எதிர்ச்சான்று எழுதுதல் எவர்க்கும் எளிதன்று. ஆயினும் அவ்வாராய்ச்சியாளர் அதனைச் செய்தனர். இரு கட்டுரைகளும் 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆவ் மெடிசின் என்னும் புகழ்மிக்க பத்திரிகையின் ஒரே இதழில் வெளிவந்தன.

அதனோடு வழக்கு முடிந்துவிட்டதோ எனின், இல்லை. 2003ஆம் ஆண்டில் லான்செட் பத்திரிகையில், ஐரோப்பாவின் 10 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 5,20,000 பேரை ஆராய்ந்த ஒரு கட்டுரை வெளிவந்தது. நார்ப்பொருளை மிகுதியாக உண்போரிடம் இந்நோய் குறைவாகக் காணப்படுகிறது என்று அது கூறிற்று. முன்னையவை முளை மீளத் தோன்றுதலைச் சில ஆண்டுகள் மட்டும் நோக்கியவை. பின்னையது புற்றுநோயையே நோக்கியது. முன்னையவற்றில் உணவை மாற்றியவர் ஆராய்ச்சியாளர். பின்னையதில் மக்கள் தாமாகவே உண்டதைக் கேட்டு எழுதினர். இவ்வேறுபாடுகளையெல்லாம் இன்று அறிஞர் நிறுத்துப் பார்க்கின்றனர். நிறுத்துப் பார்த்தற்கு இரு தட்டிலும் பொருள் இருத்தல் வேண்டுமன்றோ? 2000ஆம் ஆண்டின் கட்டுரைகள் எழுதப்படாதிருந்தால் ஒரு தட்டு வெறிதேயிருந்திருக்கும்.

நிற்க. பயன் காணாத ஆய்வை அனுப்பாமல் மேசை இழுப்பறையிற் பூட்டி வைப்பதால் நேரும் கேடு யாது? இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். பயனே இல்லாத ஒரு மருந்தை 20 கூட்டத்தார் தனித்தனியே சோதிக்கின்றனர் என்று கொள்வோம். இருபதில் ஒரு பங்கு தவற்றுக்கு இடங்கொடுக்கும் வழக்கமான அளவுகோலின்படி, அவருள் ஒரு கூட்டத்தார்க்கு அம்மருந்து பயன் தருவதுபோல் தற்செயலாகத் தோன்றுதல் இயல்பு. அவ்வொருவர் மட்டும் மகிழ்ந்து கட்டுரை அனுப்பி, ஏனைப் பத்தொன்பதின்மரும் வாளாவிருப்பின் உலகம் யாது அறியும்? சோதித்தவர் ஒருவர், வென்றவர் ஒருவர் என்றே அறியும். அனுப்பியவர் பொய் கூறவில்லை. அனுப்பாதவரும் பொய் கூறவில்லை. ஆயினும் உலகம் பொய்யை நம்பும். நோயாளியோ பயனற்ற மருந்தை உண்பான். 1979ஆம் ஆண்டில் இராபர்ட் ரோசென்தால் என்னும் அமெரிக்க உளநூலார் இக்கேட்டிற்கு மேசை இழுப்பறையின் பெயரையே இட்டு எழுதினார்.

இனி, மற்றொரு நிகழ்ச்சியைக் காண்போம். ரோபெகாக்ஸிப் என்பது வயாக்ஸ் என்னும் பெயரால் விற்கப்பட்ட வலி நீக்கும் மருந்து. 2000ஆம் ஆண்டில், மூட்டு வாத நோயாளர் 8,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வின் கட்டுரை மேற்கூறிய அமெரிக்கப் பத்திரிகையிலேயே வெளிவந்தது. ஒப்பிட்ட வேறொரு மருந்தைவிட இது வயிற்றுக்குத் தீங்கு குறைந்தது என்பது அதன் முடிவு. இம்மருந்தை உண்டோரிடம் மாரடைப்பு மிகுந்திருந்தது என்பதும் அதிற் கூறப்பட்டிருந்தது; ஆயின், ஒப்பிட்ட மருந்து இதயத்தைக் காத்தமையால் அவ்வேறுபாடு நேர்ந்திருக்கலாம் என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது.

அதே மருந்து குடல் முளைகளைத் தடுக்குமோ என்று அறிய 2,586 பேரைக் கொண்டு வேறோர் ஆய்வு நிகழ்ந்தது. அதில் ஒப்பிட்டது வேறு மருந்தன்று. மருந்துச் சத்தே இல்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று எவரும் விளக்கம் கூற இயலாது. மருந்து உண்டோரில் 46 பேருக்கும், வெறும் மாத்திரை உண்டோரில் 26 பேருக்கும் இரத்தம் உறைதலால் வரும் இதய நோய் முதலியன கண்டன. 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மெர்க் கம்பெனியார் அம்மருந்தை விற்பனையினின்றும் நீக்கினர். குடல் முளையை ஆராயப் புகுந்தவர்கள், தாம் தேடாததும் விரும்பாததுமாகிய இம்முடிவை 2005ஆம் ஆண்டிற் கட்டுரையாக வெளியிட்டனர்.

அவ்வாண்டு டிசம்பரில் அப்பத்திரிகையின் ஆசிரியர்கள் 2000ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறித்துத் தம் கவலையை வெளியிட்டனர். அம்மருந்தை உண்டோருக்கு நேர்ந்த மூன்று மாரடைப்புகள் அக்கட்டுரையிற் சேர்க்கப்படவில்லை என்பது அவர்கள் கூறிய குறை. முன்னரே வகுத்த கடைசி நாளுக்குப் பின் அவை நேர்ந்தமையால் சேர்க்கவில்லை என்று கட்டுரையாளர் விடை கூறினர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் நம் நோக்கமன்று. நாம் கொள்ளும் படிப்பினை ஒன்றே. கட்டுரையை ஆராயும் நடுவர் எத்துணை வல்லுநராயினும், தம் முன் வைக்கப்பட்டதையே காண்பர். வைக்கப்படாததைக் காணும் கண் அவர்க்கில்லை. ஆதலின், விஞ்ஞானத்தின் வாயிற்காவலர் நடுவரும் பத்திரிகாசிரியருமே என்று எண்ணுதல் பிழை. முதற்காவல் கட்டுரை எழுதுவோரின் மனச்சான்றேயாம்.

மனச்சான்று ஒன்றையே நம்பியிருத்தல் போதாதென்று கண்ட வைத்தியப் பத்திரிகாசிரியர்களின் சர்வதேசக் குழுவினர் 2004ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தனர். 2005ஆம் ஆண்டு ஜூலை முதல் தொடங்கும் மருந்துச் சோதனைகளை, முதல் நோயாளியைச் சேர்க்குமுன்னரே யாவரும் காணும் பதிவேட்டிற் பதிவு செய்தல் வேண்டும்; செய்யாதார் கட்டுரையைத் தாம் ஏலார் என்பது அவ்விதி. இந்தியாவிலும் 2007ஆம் ஆண்டில் அத்தகைய பதிவேடு தொடங்கப்பெற்றது. தொடங்கிய ஆய்வு பதிவில் இருக்குமாயின், முடிவை மறைத்தல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போலாகும்.

இதற்குச் சிலர் தடை கூறுவர். "பயன் காணாத கட்டுரையைப் பத்திரிகையார் விரும்பார், அதனை எழுதுங் காலத்தில் வேறொன்று எழுதினால் பதவி உயர்வேனும் கிட்டும்" என்பது ஒரு தடை. இதில் ஓரளவு உண்மையுண்டு. அக்குற்றத்தில் கட்டுரைகளின் தொகையை எண்ணிப் பதவி வழங்கும் நிலையங்களுக்கும் பங்குண்டு. ஆயினும், முடிவின் புதுமையை நோக்காது ஆய்வின் செம்மையை மட்டும் நோக்கி ஏற்கும் பத்திரிகைகள் இன்று உள்ளன. ஒன்று மறுத்தால், நடுவர் காட்டிய பிழையைத் திருத்தி மற்றொன்றிற்கு அனுப்பலாம். மறுக்கப்படுதல் இழிவன்று. நடுவர் ஆராயாமலே, பணம் பெற்றுக்கொண்டு எதனையும் அச்சிடும் போலிப் பத்திரிகையை நாடுதலே இழிவு.

"சிறிய ஆய்வில் பயன் காணவில்லையெனின் அஃது எதனை நிறுவும்?" என்பது மற்றொரு தடை. இது நல்ல வினா. பயன் உண்டென்று காட்ட இயலவில்லை என்பது வேறு. பயன் இல்லையென்று காட்டினோம் என்பது வேறு. இவ்விரண்டையும் மயக்காது, தம் ஆய்வின் அளவையும் குறையையும் வெளிப்படக் கூறி அனுப்புதல் வேண்டும். சிறு ஆய்வுகள் பலவற்றை ஒருங்கு சேர்த்து எண்ணிப் பார்க்கும் முறை இந்நாளில் உண்டு. அங்கே ஒவ்வொரு சிறு துளியும் பயன்படும்.

இவையெல்லாம் பெரிய ஆராய்ச்சியாளர்க்கு உரியவை, நமக்கென்ன என்று மாணாக்கர் எண்ணலாகாது. நம் இரசாயன சாலையில் பிற்பகல் வகுப்பில் நிகழ்வதை நாம் அறியாதவரல்லோம். பியூரெட்டில் அளவு 23.4 என்று நிற்கிறது. அயலில் நிற்கும் நண்பருக்கு 24.1 என்று வந்திருக்கிறது. பழைய நோட்டுப் புத்தகத்திலும் அவ்வாறே எழுதியிருக்கிறது. உடனே 23.4 அழிகிறது; 24.1 தோன்றுகிறது. இதனைச் சிறு விளையாட்டென்று கருதுகிறோம். இவ்விளையாட்டிற் பழகிய கை, பின்னாளில் நோயாளியின் மாரடைப்பை எழுதுமிடத்து நடுங்காது செல்லுமாயின் அதற்கு நாமும் பொறுப்பாளரல்லமோ?

ஆசிரியர்களாகிய நம்மவர்க்கும் இதிற் பங்குண்டு. எதிர்பார்த்த எண் வந்தால் முழு மதிப்பெண், வராவிடின் குறைவு என்று நாம் அளித்து வந்தால், மாணாக்கர் உண்மையைக் கற்பாரோ, நாம் விரும்புவதைக் கற்பாரோ? கண்ட எண்ணைக் கண்டவாறே எழுதி, அது பிழைபட்ட காரணத்தை ஆராய்ந்து கூறுவார்க்கு உரிய மதிப்பெண் அளித்தல் முறை. இன்னும் ஒன்று கூறுவோம். நம் விஞ்ஞானச் சங்கத்தார் ஆண்டுதோறும் வெற்றி பெற்ற ஆய்வுகளுக்குப் பரிசளிக்கின்றனர். நன்கு திட்டமிட்டு, நேர்மையாக நடத்தி, எதிர்பார்த்த பயன் காணாது முடிந்த ஓர் ஆய்வுக்கும் இனிவரும் ஆண்டுகளில் ஒரு பரிசு ஏற்படுத்துவார்களாயின் அது நம் கல்லூரிக்குப் பெருமை தரும். பழைய மாணாக்கருள் வைத்தியராயும் ஆராய்ச்சியாளராயும் விளங்குவோர் தம் இழுப்பறையை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக. ஆங்கு உறங்கும் கட்டுரை ஒன்றிருப்பின், இவ்விடுமுறையிலேயே அதனை எழுதி முடித்து அனுப்புவார்களாக.

தம் உடலைச் சோதனைக்குத் தந்த நோயாளி, தமக்குப் பயன் கிட்டும் என்று மட்டும் கருதித் தந்தவரல்லர்; பின்வருவோர்க்கேனும் உதவட்டும் என்று தந்தவர். அவர் தந்ததைப் பூட்டி வைக்க நமக்கு உரிமையில்லை. கண்டது கசப்பாயினும் எழுதுவோம், எழுதியதை அனுப்புவோம்.