முன்தோல் ஆபரேஷன்: பயமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்

பெற்றோர்களே, பள்ளி விடுமுறை வந்தால் கெடா மலாய்க் கம்பங்களில் பையன்களுக்குச் சுன்னத்துச் செய்வார்கள். இந்த வட்டாரத்தில் அதற்கு 'மாசோக் ஜாவி' என்று பெயர். இஸ்லாமியருக்கு அது சமயக் கடமை. சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்து மற்ற வீட்டுப் பிள்ளைக்கு டாக்டர் அதே ஆபரேஷனைச் சொன்னால், "நமக்கு எதற்கு இது?" என்று பாட்டி கலங்குவார். கலங்க வேண்டாம், டாக்டர் சொல்வது சிகிச்சை மட்டுமே.

பிறந்த குழந்தைக்கு முன்தோல் ஒட்டியே இருக்கும். வளர வளரத் தானே விலகும். சிலருக்கு 10 வயதைத் தாண்டியும் ஆகலாம். குளிப்பாட்டும்போது வலிந்து இழுக்காதீர்கள். கிழிந்து தழும்பானால் இல்லாத நோய் வந்து சேரும்.

அடிக்கடி சீழ் பிடித்தாலோ, நுனி வெளுத்துத் தடித்தாலோ, சிறுநீர் கழிக்கத் திணறினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பலருக்குப் பூசுமருந்தே போதும். பின்னால் தள்ளிய தோல் திரும்பாமல் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆபரேஷன் சிறியதுதான். பெரியவர்களுக்கு மரத்துப்போக ஊசி போடுவார்கள். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து. அநேகமாக அன்றே வீடு திரும்பலாம். இரண்டு மூன்று வாரத்தில் புண் ஆறும். குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சிறுநீர்த் துவாரம் அடிப்பக்கம் அமைந்த குழந்தைக்கு முன்தோலை வெட்டக் கூடாது. துவாரத்தைச் சீர்செய்ய அத்தோல் தேவைப்படும்.

ஐயாமார்களே, நடுவயதில் முன்தோல் புதிதாக இறுகினால் இனிப்பு நீர் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் சின்ன நோயும் பெரிதாகிவிடும்.