சாவிக்கொத்து வேண்டாம், ஒரு சாவி போதும்

மாணவர்களே, பள்ளிக் கணினி அறையில் அச்சுப்பொறி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் இருக்கிறது, மை இருக்கிறது, இணைப்பும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வகுப்பே அனுப்பிய கோப்புகள் வரிசையில் தேங்கிக் கிடக்கின்றன. கணினிக் கழகத்தில் இருக்கும் படிவம் 4 மாணவி ஒருத்திக்கு வழி தெரியும். சர்வரில் ஓடும் அச்சுச் சேவையை நிறுத்தி மறுபடியும் தொடக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அரை நிமிட வேலைதான். ஆனால் அவளுக்கு அனுமதி இல்லை. நிர்வாகிதான் செய்ய வேண்டும்; நிர்வாகியோ புதன்கிழமைதான் வருவார்.

இந்த நிலையில் பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கும். புதன்கிழமை வரை எல்லாரும் காத்திருப்பார்கள். இல்லாவிட்டால், நிர்வாகியின் கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுவார்கள். இரண்டுமே தவறு என்பேன். இரண்டாவது மகா தவறு.

முதலில், சேவை என்பது என்ன? யாரும் கணினி முன்னால் உட்காராதபோதும் சர்வரின் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல் அது. அச்சு வரிசையைக் கவனிப்பது ஒரு சேவை, தரவுத்தளத்தைத் திறந்து வைத்திருப்பது ஒரு சேவை, மின்னஞ்சலைப் பெற்று அனுப்புவது இன்னொன்று. விண்டோஸ் சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியே ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. சேவை ஓடுகிறதா என்று பார்க்க ஓர் அனுமதி, தொடங்க ஓர் அனுமதி, நிறுத்த ஓர் அனுமதி, அதன் அமைப்பை மாற்ற வேறோர் அனுமதி. நிர்வாகி நினைத்தால் 'அச்சு உதவியாளர்' என்று ஒரு குழுவை உருவாக்கி, அந்த ஒரே சேவையைத் தொடங்கவும் நிறுத்தவும் மட்டும் அக்குழுவுக்கு அனுமதி தரலாம். லினக்ஸில் இந்த வேலைக்கு 'சூடோ' என்ற கருவி இருக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்த கருவி அது. இன்னார் இந்தக் கட்டளையை மட்டும் இயக்கலாம் என்று அதில் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

நம் பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இயந்திரத்தின் சிவப்பு நிற அவசரப் பொத்தானை, ஆபத்து என்றால், யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். ஆனால் பழுது பார்ப்பவர் மின்சாரத்தைத் துண்டித்துத் தம் பூட்டை மாட்டிவிட்டார் என்றால், அவர் வந்து பூட்டைக் கழற்றும்வரை இயந்திரத்தை ஓட்டக்கூடாது. நிறுத்தும் உரிமை ஒருவருக்கு, தொடங்கும் உரிமை வேறொருவருக்கு. ஆலைக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். கணினி அறைக்கு வந்ததும் நாம்தான் மறந்துவிடுகிறோம்.

எல்லா அனுமதியும் ஒரே எடை கொண்டதல்ல. தொடங்கவும் நிறுத்தவும் அனுமதி பெற்றவர் அதிகம் போனால் அச்சு வேலையைக் கொஞ்ச நேரம் கெடுக்கலாம். அமைப்பை மாற்றும் அனுமதியோ வேறு மாதிரியானது. பல சேவைகள் கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்தில் ஓடுகின்றன. சேவை தொடங்கும்போது எந்த நிரலை இயக்க வேண்டும் என்பதும் அந்த அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த இடத்தில் ஒருவர் தம் சொந்த நிரலின் பெயரை எழுதிவிட்டால், அடுத்த முறை சேவை தொடங்கும்போது அவருடைய நிரல் அதே உயர் அதிகாரத்தோடு ஓடும். சின்ன அனுமதிபோலத் தெரிந்தது, சர்வர் முழுவதையும் கொடுத்ததற்குச் சமமாகிவிடும். லினக்ஸிலும் இதே பொறி உண்டு. 'இந்தக் கோப்பைத் திருத்த மட்டும்' என்று நம்பி ஓர் எழுது நிரலை உயர் அதிகாரத்தில் திறக்க அனுமதித்தால், சில எழுது நிரல்களுக்குள்ளிருந்தே வேறு கட்டளைகளையும் இயக்கிவிடலாம். எதைக் கொடுக்கிறோம் என்று புரிந்து கொடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

2021 ஜூலையில் உலகமே அந்த அச்சுச் சேவையைப் பற்றித்தான் பேசியது. 'பிரிண்ட்நைட்மேர்' என்று பெயர் பெற்ற ஓட்டை அது. சாதாரணப் பயனர் ஒருவர் அச்சுப்பொறி இயக்கி என்ற பெயரில் தீய நிரலை உள்ளே விட்டு, சர்வரையே கைப்பற்ற முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. தேவையில்லாத சர்வர்களில் அச்சுச் சேவையையே நிறுத்தி வைக்கும்படியும் அறிவுரை சொல்லப்பட்டது.

தமிழ்நாட்டுக் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கதையையும் சொல்கிறேன். 2019 செப்டம்பரில் அங்கே ஒரு கணினியில் தீநிரல் இருப்பது கண்டறியப்பட்டது. இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30ஆம் நாள் அதை ஒப்புக்கொண்டது. அது நிர்வாகப் பணிகளுக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு பயனரின் கணினி. முக்கிய உள்வலையமைப்பு அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் நிலையத்தின் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்று கழகம் அறிவித்தது. ஒரு பயனரின் கணினி கெட்டுப்போவது எங்கும் நடக்கலாம். அங்கிருந்து கை எவ்வளவு தூரம் நீளும் என்பதே கேள்வி.

"அப்படியென்றால் யாருக்கும் எதையும் கொடுக்காமல் ஒருவரிடமே வைத்துவிடலாமே, சார்?" என்று நீங்கள் கேட்கலாம். சான்பிரான்சிஸ்கோ நகராட்சியில் 2008இல் அதுதான் நடந்தது. நகர வலையமைப்பின் கடவுச்சொற்கள் டெரி சைல்ட்ஸ் என்ற ஒரே பொறியாளரிடம் இருந்தன. மேலதிகாரிகளிடம் தர மறுத்த அவர் கைதானார். கடைசியில் நகர மேயரே சிறைக்குப் போய் அவரிடமிருந்து வாங்கிவர வேண்டியதாயிற்று. வலையமைப்பு அதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதன் சொந்தக்காரருக்கே இல்லை.

மாணவர்களிடம் அனுமதி கொடுத்தால் விளையாடுவார்கள் என்பது பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. விளையாடத்தான் செய்வார்கள், சிலர். ஆனால் துண்டுத்தாள் கடவுச்சொல்லைப் பலர் பயன்படுத்தினால் பதிவேட்டில் 'நிர்வாகி' என்ற ஒரே பெயர்தான் விழும். யார் என்று தெரியாது. அவரவர் கணக்குக்குத் தனி அனுமதி கொடுத்தால், யார், எந்த நேரத்தில் என்பதையும் பதியச் செய்யலாம். சூடோ இதைத் தானாகவே பதிகிறது. நம் நாட்டில் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதையே குற்றமாகப் பார்க்கிறது. அனுமதி எழுத்தில் தெளிவாக இருந்தால், உதவி செய்ய வந்த மாணவிக்கும் அது பாதுகாப்பு.

ஆகவே உங்கள் கணினிக் கழகப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். கடவுச்சொல்லைக் கேட்காதீர்கள், ஒரு குழுவை, ஒரே ஒரு சேவைக்கு, தொடங்கும் நிறுத்தும் அனுமதியோடு மட்டும் கேளுங்கள். முதலில் பழைய கணினி ஒன்றில் சோதித்துக் காட்டுங்கள். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். எஸ்.பி.எம். முடித்துப் போகிறவரின் பெயர் அந்த மாதமே பட்டியலிலிருந்து நீங்க வேண்டும்.